விதைச் சோளத்தில் ஒட்டிய பெட்டிகள்

மயில்துத்தம் கலந்த பசை அடுப்பில் கொதிக்கும்போது ஒரு வாடை வரும். செம்புக்காசை நாக்கில் வைத்தது போலத் தொண்டைக்குழி வரை கசக்கும். தீப்பெட்டிக் கம்பெனிக்காரர்கள் பெட்டி ஒட்டுகிற வீடுகளுக்கு அனுப்பும் பசைமாவில் அந்த நீல விஷமான துத்தத்தைக் கலந்தேதான் அனுப்புவார்கள், எலியும் பூச்சியும் தின்றுவிடக்கூடாதே என்று. எங்கள் ஊரில் இதை ஒருவரும் நம்பவில்லை. “எலிக்கா பயப்படுதாக? நம்ம புள்ளைகளுக்குல்லா பயப்படுதாக” என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பில் சிரிப்பே இருக்காது.

தாயில்பட்டிக்கு மேற்கே, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பருத்திக்கும் சோளத்துக்குமாக உழுது கிடந்த கரிசல் ஊர் எங்களுடையது. நான் நாலாம் வகுப்பு படித்தபோது வானம் இரண்டு வருஷமாகப் பொய்த்திருந்தது. அதே இரண்டு வருஷத்தில்தான் சிவகாசி கிடுகிடுவென்று வளர்ந்தது! குச்சி காயவும் வெடி காயவும் வெயில்தானே வேண்டும். எங்களைக் கருக்கிய அதே வெயில் அவர்களுக்கு வரமாக இருந்தது. புதுத் தகரக் கூரைகளும், லோடு ஏற்ற வரும் லாரிகளும், லாரியின் நெற்றியில் எழுதியிருந்த புரியாத எழுத்துகளும் எனக்குத் திருவிழா. அப்பாவுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. அவருக்கு மூன்று குறுக்கம் நிலம் இருந்தது. வீட்டு மூலையில், சாம்பல் கலந்து வாய்க்குச் சாணி பூசி மூடிய ஒரு பானை விதைச் சோளம் இருந்தது. வயிறு சுருண்டு படுத்த நாட்களிலும் அந்தப் பானையின் பக்கம் எங்கள் கை போனதில்லை. அது இருக்கிற வரைக்கும் நாங்கள் சம்சாரிகள், மண்ணை உழுது பிழைக்கிறவர்கள்.

அந்தப் புரட்டாசியில் அப்பா மழை கேட்டு இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்தே போனார். அவர் போன மறுநாள், பெட்டி வாங்க வரும் ஏஜெண்டு மரச்சீவலையும் நீலத்தாளையும் இறக்கிப் போட்டுவிட்டு, “யக்கா, மாவு தீந்துபோச்சு, அடுத்த லோடுலதான் வரும். பெட்டி மட்டும் சனிக்கிழமை வந்துரணும், தீவாளி சீசன் பாத்துக்கோங்க” என்றார்.

“மாவில்லாம எச்சியத் தொட்டா ஒட்ட?”

“ஒட்டுவீகளோ, ஊசி வச்சுத் தைப்பீகளோ! முடியலைன்னா சொல்லுங்க, மேலத்தெருவுல வாங்கிக்கிட ஆளு நிக்கி.”

எங்கள் அடுப்பு எரிந்ததே அந்தப் பெட்டிகளால்தான். கடையில் மாவு வாங்கக் காசில்லாமல் அம்மா முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிற பெண் நான், அன்றும் முந்திக்கொண்டேன். “ஏம்மா, விதைச் சோளம் இருக்குல்லா? அரைச்சுக் காய்ச்சுனா ஒட்டும். எங்க ஸ்டெல்லா டீச்சர் கஞ்சி வச்சுத்தான் படம் ஒட்டுனாக.”

அம்மா என்னை அடித்திருக்கலாம். அவள் வானத்தைத்தான் பார்த்தாள், வெகுநேரம். “புரட்டாசியும் முடியப் போவுது. இனி எங்கிட்டுப் பெய்ய” என்று எழுந்துபோய்ப் பானையின் வாயை உடைத்தாள். சாம்பல் போகக் கழுவி, ஊறப்போட்டு அரைத்துக் காய்ச்சினோம். துத்தம் இல்லாத அந்தப் பசையில் கூழ் மணந்தது. தம்பி ஒரு விரலால் பெட்டியில் தடவினான், மறு விரலை வாயில் வைத்தான். அம்மா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொன்னபடி சனிக்கிழமை பெட்டிகள் போய்விட்டன.

திங்கட்கிழமை மழை வந்தது. உழுதால் மண் புரளும் அளவுக்கு, ஒரு பொழுது முழுக்க நின்று பெய்தது. அதில் நனைந்துகொண்டே அப்பா வந்தார். அப்படிச் சிரித்து அவரை நான் பார்த்ததில்லை. தலையைக்கூடத் துவட்டாமல் மூலைக்குப் போனார்.

“விதை எங்க?”

“பெட்டிக்குப் போயிருச்சு. நான்தான் அரைச்சேன்” என்றாள் அம்மா. நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்; நின்றேனே தவிர வாய் திறக்கவில்லை.

அப்பா சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடுவீடாக ஏறினார். விதைக்கிற அன்றைக்குத் தானியம் வாசலைத் தாண்டினால் விளைச்சலும் கூடவே போய்விடும் என்பது எங்கள் ஊர்ப்பக்கத்து நம்பிக்கை. “கோவிச்சுக்கிடாதீக அண்ணே, நாளைக்கு வாங்க, மிஞ்சுனதத் தாரேன்” என்றார்கள் எல்லாரும். மறுநாள் போனால், இரண்டு வருஷம் ஏங்கியவர்கள் பானையைத் துடைத்து விதைத்திருந்தார்கள். ஊர் முழுக்கச் சேர்த்து இரண்டு கைப்பிடி தேறியது. அப்பா சந்தையில் தின்கிற சோளத்தை வாங்கிவந்து விதைத்தார். அது முளைக்கிற சோளமில்லை, மண்ணுக்குள்ளேயே மக்கிப் போனது. பத்தாம் நாள் ஊரெல்லாம் பச்சை. எங்கள் மூன்று குறுக்கம் மட்டும் கறுப்பு. தை பிறந்ததும், இடம் தேடி வந்த வெடிக் கம்பெனிக்கு அதைக் கொடுத்துவிட்டார்.

இப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேபிள் சரிபார்க்கிறேன். வங்காளம், இந்தி, குஜராத்தி என்று என் மேசையில் நாலைந்து மொழிகள் ஈரம் காயாமல் கிடக்கின்றன. பஜாரில் கல்கத்தா ஆர்டருக்கு வந்த சேட்டும், அத்தர் விற்கும் ராவுத்தரும், லாரியோடு வந்த சர்தாரும் ஒரே டீக்கடை பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். இந்த ஊரைப் பார்த்து எனக்கு இன்னமும் உற்சாகம் பொங்குகிறது, அதை மறைக்க மாட்டேன். எங்கள் நிலத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. வரப்பு போய்விட்டது, உழுத தடம்கூட இல்லை. வெடி காயவைக்கும் சிமெண்டுத் தளம் அது. அதற்குக் காவலாள் என் அப்பா. மேகம் கூடினால் முதலில் கண்டு சொல்ல, சம்சாரியை விட்டால் யார் என்று கம்பெனியே கூப்பிட்டுக் கொடுத்த வேலை.

போன வாரம் சோறு கொண்டு போயிருந்தேன். கிழக்கே லேசாகக் கறுத்தது. எனக்கு அது மேகமாகவே தெரியவில்லை. அப்பா அதற்குள் எழுந்து ஓடினார். “அள்ளுங்கத்தா, சீக்கிரம் அள்ளுங்க!” பெண்கள் வெடித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓட, முதல் துளி தளத்தில் விழுந்து சுர்ரென்று காய்ந்தது. அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா, இந்த எழவு மழைக்கு இன்னைக்குத்தானா வரத் தெரியும்?”