செருப்போடு ஒரு கிரிவலம்

என் கணவருக்குச் சர்க்கரை. முள் குத்தினாலும் தெரியாத அளவுக்குப் பாதங்கள் மரத்துப்போய்விட்டன. அப்படியும் பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலையைச் சுற்றுவார். நான் கத்தினால், "அங்க போயி செருப்பு போட்டுக்குனு நடப்பாங்களாடி?" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

போன வருடம் மகளின் நிச்சயதார்த்தத்தால் ஒரு பௌர்ணமி தவறிப்போனது. மனிதர் ஆடிப்போய்விட்டார். சாமி குற்றம் மகள் மேல் விழுந்துவிடுமோ என்று உள்ளுக்குள் அரித்திருக்கிறது. மறுநாள் என்னிடம்கூடச் சொல்லாமல், உச்சி வெயிலில் தனியாகப் போய்ச் சுற்றிவிட்டு வந்தார். வீட்டுத் தரையில் ஈரமாகக் காலடி பதிவதைப் பார்த்து நான்தான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். தார் சாலை சுட்டு, கொப்புளங்கள் உடைந்து கிடந்தன. அவருக்கு எதுவுமே தெரியவில்லை. புண் ஆறாமல் கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள்.

அதற்கும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். "ஒரு மாசம் போவாம வுட்டேன் இல்ல? அதான் காட்டிட்டாரு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. விரலை எடுத்தது வெயிலா, சாமியா? தினமும் கும்பிடுகிற சாமியைக் கண்டே இந்த மனிதர் இப்படி நடுங்குகிறாரே என்று நினைத்தபோது, ஆத்திரம் போய் அழுகை வந்தது.

இன்னொரு புண் வந்தால் பாதமே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குள்ளும் செருப்பு. சாயங்காலமானால் அவர் பாதத்தை மடியில் வைத்து இண்டு இடுக்கெல்லாம் பார்ப்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆனால் மலையைச் சுற்றாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. புண் நன்றாக ஆறி, டாக்டரும் சரி என்ற பிறகு, கூட்டமில்லாத ஒரு நாளில் விடியற்காலையில் கிளம்பினோம். சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற கறுப்புச் செருப்பை நானே அவருக்கு மாட்டிவிட்டேன். வழியில் ஒவ்வொரு லிங்கத்துக்கும் சாலையில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு இடத்திலும் ஒரே வார்த்தைதான்: "மன்னிச்சிக்கோப்பா."

அடி அண்ணாமலை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"முடியலடி. மனசு கேக்கல. மீதிய வெறுங்கால்லயே நடந்துடறேன்."

டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"சாமிக்கு என்ன, ஆயிரம் பேரு சுத்துறாங்க. எனக்கு நீங்க ஒருத்தருதான். இந்தக் கால் எனக்கு வேணுங்க."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். வெயில் அப்போதுதான் உச்சியில் விழ ஆரம்பித்திருந்தது.

"இத்தினி வருஷமா கூடவே நடக்கறான்," என்றார் மெதுவாக. "என் கால் மரத்துப்போனது அவனுக்குத் தெரியாதா?"

செருப்பைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார். மண்ணைத் துடைத்துவிட்டு வாரை மாட்டினேன்.

கடைசியாக ஈசானிய லிங்கம். கை கூப்பி நின்றார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அடுத்த மாசமும் வரேம்ப்பா," என்றார்.

வீட்டுக்கு வந்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, வெளிச்சத்தில் உட்கார்ந்து பாதத்தை என் பக்கம் திருப்பினார்.

"பாருடி. நல்லா பாரு."