பெயர் வெட்டிய அலுமினியச் சட்டி

இந்த ஊரில் விடிந்ததும் வாசற்படியில் பால் வந்து உட்கார்ந்திருக்கும். கண்ணாடிப் புட்டி, அதன் வாய்க்கு மெல்லிய அலுமினியத் தகட்டில் ஒரு மூடி. நான் கதவைத் திறப்பதற்குள் நீலத் தலைக் குருவி ஒன்று மூடியைக் கொத்தி ஓட்டை போட்டு, மேலே மிதக்கும் ஆடையைத் தின்றுவிட்டுப் போய்விடுகிறது. வீட்டுக்கார அம்மாள் அதைப் பார்த்துச் சிரிப்பார். வந்த புதிதில் நானும் சிரித்தேன். இப்போது அந்த ஓட்டையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு பாத்திர ஆலையில் எனக்கு வேலை. வட்டமாக வெட்டிய அலுமினியத் தகட்டை அச்சில் வைத்துக் கைப்பிடியை இழுத்தால், ஒரே அழுத்தில் சட்டியாக எழுந்து வரும். இந்த ஊரில் சட்டியும் அதுதான், ஏணியும் அதுதான், ஆகாயவிமானமும் அதுதான். தென்காசியில் இருந்தவரை நான் அந்த உலோகத்தைத் தர்ம ஆஸ்பத்திரிக் கஞ்சித் தட்டில்தான் பார்த்திருந்தேன். இங்கே வந்து ஆறே மாதத்தில் அதற்குப் பக்தனாகிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் தங்கை கோமதிக்குச் செங்கோட்டையில் சம்பந்தம் முடிவானது. சமீபம்வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் வெண்கல உருளியும் பித்தளை அண்டாவும்தான். இரண்டு பேர் பிடித்தால்தான் அடுப்பிலிருந்து இறங்கும். கல்யாணத்துக்குப் போக எனக்கு விடுப்பு இல்லை. அவள் இடுப்பாவது பிழைக்கட்டும் என்று ஒரு மரப்பெட்டி நிறையச் சட்டிகளைக் கப்பலில் அனுப்பினேன். கூடவே நான்கு பக்கக் கடிதம்: கனமில்லை, துருப்பிடிக்காது, ஈயம் பூச வேண்டாம், சீக்கிரம் சூடேறும். தெரிந்ததையெல்லாம் எழுதிய மேதாவி, அது எவ்வளவு மிருதுவானது என்பதை மட்டும் எழுதவில்லை.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெயர் வெட்டாமல் சீர்ப் பாத்திரம் வாசல்படி தாண்டாது. அப்பா பெருமை தாங்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தென்காசிக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். பெயர் வெட்டுகிறவர் சட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சத்தமே இல்லியே இதுக்கு" என்றிருக்கிறார். "சீமைச் சாமான்லே! நீ வெட்டு" என்றாராம் அப்பா. அவரும் பித்தளைக்கு அடிக்கிற அடியையே அடித்துக் 'கோமதி' என்று வெட்டிக் கொடுத்தார். சட்டியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பித்தளை ஒழுகி யார் பார்த்திருக்கிறார்கள்?

செங்கோட்டையில் புது மருமகள் முதலில் பால் காய்ச்ச வேண்டும். கோமதி அண்ணன் அனுப்பிய சட்டியைத்தான் எடுத்து வைத்திருக்கிறாள். அதில் பால் நிறைய ஊற்றி, பொங்குவதற்காக எல்லோரும் சுற்றி நின்றிருக்கிறார்கள். பால் பொங்கவில்லை. பெயரின் முதல் எழுத்துச் சுழி வழியாகக் கசிந்து, கோடு கோடாக வழிந்து, அடுப்பை அணைத்துவிட்டது. "வந்த அன்னைக்கே அடுப்ப அணைச்சிட்டாளே" என்று மாமியார் சொன்ன ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாடு படுத்தாலும், மாமனார் தும்மினாலும், அது கோமதியின் கணக்கில்தான் ஏறியது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு எழுந்து போவாராம். மூன்றாம் மாதம் அவள் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதெல்லாம் அப்பாவின் கடிதத்தில் வந்தது. "ஓட்டைய அடச்சுக் குடுத்தா மனசு மாறுவாவளோன்னு பத்தவைக்கக் கொண்டுபோனேன். ஈயம் அதுல ஒட்டவே மாட்டேங்குது. நீ அங்கன அந்த வேலைதான பாக்க, ஒரு வழி சொல்லுலே" என்று எழுதியிருந்தார். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கார அம்மாள் பதறிப்போய் விசாரித்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "என் தங்கையின் பால் சட்டியில் ஓட்டை" என்றேன்.

அவர், "அதற்கா அழுகிறாய்? வேறு ஒன்று அனுப்பிவிடேன்" என்று சொல்லி, தன் அலமாரியிலிருந்தே ஒரு சட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். நல்ல மனுஷி. அவர் தலைக்கு மேலே சுவரில் பித்தளைச் சாமான்கள் வரிசையாக, அழகுக்காக, தொங்கிக்கொண்டிருந்தன. இதை அவருக்கு எந்த மொழியில் விளக்குவது? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் கோமதியே எழுதியிருந்தாள். "அண்ணே, அப்பாவ ஏசிராத. சட்டி நல்ல சட்டிதான். நீ எழுதுன மாதிரி கனமே இல்ல. அந்த வீட்ட விட்டுக் கெளம்புன அன்னைக்கு, தொணைக்கு வர ஒருத்தரும் இல்ல. சட்டிப் பெட்டியத் தலையில வச்சுக்கிட்டுச் செங்கோட்டையில இருந்து குத்தாலம் வழியா ஒத்தையில நடந்தே வந்துட்டேன். சாரல்ல நனையக்கூட இல்ல. பித்தளையா இருந்தா அங்கனயே கெடந்திருப்பேன்."

இன்று காலையிலும் குருவி வந்து போயிருக்கிறது. ஓட்டை மூடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறேன். ஆலைச் சங்கு ஊதிவிட்டது. போய்ச் சட்டி அடிக்க வேண்டும்.