செல்லமுத்து அண்ணனுக்கு வயிற்றுக் கோளாறு இல்லை

மலையிலிருந்து இறங்கும் முதல் பேருந்தில் அன்று காலை வேறு ஒருவர் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஏறியதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "செல்லமுத்து போயிட்டாரும்மா. நேத்து சாயங்காலம் நெஞ்ச வலிக்குதுன்னு உக்காந்தவரு, எந்திரிக்கல" என்றார். எங்கே உட்கார்ந்தேன் என்று எனக்கு நினைவில்லை. பின் இருக்கையிலிருந்து ஒரு பெரியவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "அந்த வயித்த வெச்சுக்கிட்டு இத்தன நாள் ஓட்டுனதே பெருசுங்க. உள்ளயே அரிச்சிருக்கும்." பலர் ஆமாம் என்றார்கள்.

அந்தப் பேருந்தில் வந்துபோன உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நடத்துநர் செல்லமுத்து அண்ணனுக்கு வயிற்றில் எந்த நோயும் இருந்ததில்லை. நோய் எனக்குத்தான்.

பத்தாம் வகுப்பு விடுமுறையில் எனக்கு அடிக்கடி வயிறு போகத் தொடங்கியது. பிறகு ரத்தமும் வந்தது. நாமக்கல்லில் குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், பெருங்குடலின் உட்புறத்தில் புண் என்றார். "இது தொத்து வியாதி இல்ல. நீ சாப்புட்ட எதனாலயும் வந்ததும் இல்ல. மாத்திரையில அடக்கி வெக்கலாம். நல்லாயிருக்குன்னு நீயா நிறுத்திராத." சேந்தமங்கலத்துப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அப்பாவுக்கு மாத்திரையைவிட மலைப்பாதைதான் கவலை. வளைவுக்கு வளைவு திரும்பும் அந்தச் சாலையில் அவசரம் என்றால் எங்கே போவது? "ஒரு மாசம் பாப்போம் சாமி. வண்டியில முடியலீன்னா ஊட்லயே இரு. படிப்பு எங்கயும் ஓடிறாது" என்றார். நின்றுபோன படிப்பு எங்கள் ஊரில் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் வாரமே அந்த நாள் வந்தது. பாதி மலை இறங்கும்போது உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய், "இங்கயே எறக்கி விட்டுருங்கண்ணா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அடுத்து, நிறைந்திருந்த பேருந்தைப் பார்த்தார். உடனே விசிலை ஊதி, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏனுங்ண்ணா, செத்த ஓரங்கட்டுங்க. எனக்கு வயித்தக் கலக்குது" என்றார்.

அந்த வளைவில் சுற்றுலா வருபவர்களுக்காகக் கட்டிய சிறிய கழிப்பறை ஒன்று உண்டு. அதில் தண்ணீர் வராது. அவர் தம் இருக்கைக்கு அடியிலிருந்த தண்ணீர்க் கேனைப் படிக்கட்டில் என் காலருகே வைத்துவிட்டு, எதிர்ப்பக்கப் பாறைகளை நோக்கி வயிற்றைப் பிடித்தபடி நடந்தார். பேருந்து முழுவதும் அவரைத்தான் பார்த்துச் சிரித்தது. வேறு இரண்டு பெண்களும் இதுதான் சமயமென்று இறங்கினார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அந்த வளைவு வருவதற்கு முன் அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். நான் தலையசைத்தால் விசில்.

"ராத்திரி என்னத்தய்யா தின்ன?" என்று ஒருவர் கேட்பார்.

"ஊட்டுச் சமையலுங்க. வெளிய சொல்ல முடியுமா?"

"நோயாளிக்கெல்லாம் எதுக்குய்யா விசிலு? ஆபீசுக்கு நேரமாகுது" என்று ஒருவர் கடிந்துகொண்டபோதும் அவர் கோபப்படவில்லை. "வண்டிக்கு அவசரமில்லீங்க, மனுசனுக்குத்தான் அவசரம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கடிந்துகொண்டவரும் சிரித்தார்.

மலையில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் மருந்து கொண்டுவராமல் இருக்க மாட்டார்கள். மிளகு, வசம்பு, பெயர் தெரியாத வேர் என்று அண்ணனின் பை நிறைந்துவிடும். ஒருநாள் ஓர் அம்மா மாதுளைத் தோலை இடித்த பொடியைக் கொடுத்தார். அண்ணன் அதை என்னிடம் காட்டி, "உங்க டாக்டரு இதுக்கு ஒத்துக்குவாரா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்காமல் எந்தப் பொடியும் சாப்பிடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்படியே சொன்னேன். அடுத்த வாரம் சீட்டுக் கொடுக்கும்போது குனிந்து, "குடுத்தத வீசியெறிய மனசில்லாம நானே தின்னுபோட்டேன். எனக்கு இப்ப வெளியவே போகமாட்டீங்குது" என்றார். அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நோய் வந்த பிறகு அதைப் பற்றிச் சிரித்தது அதுவே முதல் முறை.

ஏன் உங்கள் பேரில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "உனக்குப் பள்ளிக்கொடம் இருக்குது, காலேசு இருக்குது, அப்பறம் கல்யாணங்காச்சி இருக்குது. எனக்கு என்ன இருக்குது, ரிட்டயர்மெண்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சில்லறை கொடுக்கப் போய்விட்டார்.

மாத்திரைகள் மெல்ல வேலை செய்தன. புண் அதிகமாக இருக்கும் நாட்களில் பலாப்பழம், காரம், நிலக்கடலை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்துகொண்டேன். குழைந்த சோறு ஒத்துக்கொண்டது. ஒருமுறை உடம்பு தேறிவிட்டதென்று நானாக மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன், நோய் திரும்பிவிட்டது. மீண்டும் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு தலையசைக்காத காலைகள் கூடின. பேருந்து அந்த வளைவில் நிற்காமல் போனதைக் கண்டு ஒருவர், "என்ன செல்லமுத்து, இப்ப தேவலையா?" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தபடியே, "நல்லாத் தேவலைங்க" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தவர்கள், அவருக்கே குணமாகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவர் இறந்த செய்தி கேட்ட அன்றே, காளப்பநாயக்கன்பட்டியில் அவர் வீட்டுக்கு அப்பாவும் நானும் போனோம். வாசலில் நின்றவர்களும் வயிற்றைப் பற்றியே பேசினார்கள். காலாகாலத்தில் வைத்தியம் பார்த்திருக்கலாம் என்றார்கள். வீட்டுக்காரம்மா கவனித்திருக்க வேண்டாமா என்று ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டார். உள்ளே அந்த அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஞாயித்துக்கெழம கறிக்கொழம்புல இன்னும் ஒரு கரண்டி காரம் போடுன்னு கேக்கற மனுசன். அவருக்கா வயிறு கெட்டுருச்சுன்னு நானும் கேட்டுக் கேட்டுப் பாத்தேன் சாமி. சிரிப்பாரே ஒழிய சொல்லல. ஊரே என்ற சமையலப் பேசுச்சு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப எப்படி இருக்குது உனக்கு?"

"தேவலைங்கக்கா" என்றேன்.

திங்கட்கிழமை காலை எனக்கு மறுபடியும் வயிற்றைக் கலக்கியது. புதிய நடத்துநர் இளைஞர். அவருக்கு என்னைத் தெரியாது. யார் முகத்தைப் பார்த்துத் தலையசைப்பது? எழுந்து முன்னால் போய், "அண்ணா, அடுத்த வளவுல நிறுத்துங்க. எனக்கு வயிறு சரியில்ல" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது.

"வளவுலயெல்லாம் நிக்காதும்மா."

"நிக்கும். செல்லமுத்து அண்ணன் நிறுத்துனது எனக்காகத்தான். அவருக்கு ஒண்ணும் இல்ல."

மாதுளைப் பொடி கொடுத்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின் இருக்கைப் பெரியவர்தான் முதலில் பேசினார். "ஓரங்கட்டுப்பா. புள்ள எறங்கட்டும்."

செல்லமுத்து அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்த நிறுத்தம். இனி அது என் பேரில் இருக்கும்.