மிஸ் டக்வெல்லின் கத்தரிப்பூ நிறக் கார்

எங்கள் தோர்ன்பி ஊரில் கார் ஓட்டுகிறவர்கள் இரண்டு வகை. பெர்னிஸ் டக்வெல்லிடம் முதல் தடவையே தேறியவர்கள், தேறாதவர்கள். முதல் வகை ஆள் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. நான் மூன்று தடவை தோற்று நாலாவது தடவை தேறியவன். மீனும் சிப்ஸும் விற்கிறவனுக்கு வேன் ஓட்ட உரிமம் இல்லாவிட்டால் பிழைப்பு எப்படி நடக்கும் என்கிற கவலையெல்லாம் அந்த அம்மாளுக்குக் கிடையாது. "பயிற்சி எடுத்துட்டு மறுபடி வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

அவர் முப்பது வருடமாக ஓட்டுநர் தேர்வு அதிகாரி. முப்பது வருடமும் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, வலப்பக்கத்தில் வியர்த்துக் கொட்டுகிறவர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திருக்கிறார். என் போதாத காலம், பக்கத்து வீட்டுக்கே குடிவந்தார். தனிக்கட்டை. சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார் வைத்திருந்தார், அதையும் சந்தைக்குப் போக மட்டும்தான் எடுப்பார். அவருக்குக் கார் என்றால் உயிர் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை அவர் வாசலில் லாரி வந்து நின்றது. பின்பக்கம் நசுங்கிப்போன ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இறக்கினார்கள். அடுத்த வாரம் இன்னொரு லாரியில் இரும்புச் சட்டம் ஒன்றும், ஆள் உயரப் பொட்டலங்களும் வந்தன. நான் வேலிக்கு மேலே தலையை நீட்டினேன்.

"மிஸ் டக்வெல், பழைய இரும்புக் கடை ஏதும் போடறீங்களா?"

"கார் கட்டப் போறேன், நெவில்."

"நீங்களா?"

"வேற யாராவது இங்க நிக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டு கராஜுக்குள் போய்விட்டார்.

விஷயம் இதுதான். நசுங்கிய காரிலிருந்து எஞ்சின், கியர் பாக்ஸ், சக்கரங்கள், ஸ்டியரிங் எல்லாவற்றையும் கழற்றிப் புதுச் சட்டத்தில் பூட்ட வேண்டும். மேலே ஃபைபர் கிளாஸ் உடம்பை மாட்ட வேண்டும். அந்த உடம்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் அச்சு: நீண்ட பானட், அலைபோல வளைந்து இறங்கும் மட்கார்டுகள், இரண்டு பெரிய உருண்டை விளக்குகள், முதுகில் ஒரு ஸ்டெப்னி. பார்வைக்குத் தாத்தா காலத்து வண்டி, மிதித்தால் இந்தக் காலத்து ஓட்டம். எங்கள் நாட்டில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் அது இவராக இருக்கும் என்றுதான் நான் நினைக்கவில்லை.

டார்ச் பிடிக்கப் போனவன் அப்படியே அங்கேயே கிடந்தேன். கடையை மூடியதும் நேராக அவர் கராஜ்தான். "பேசாம மீன் சட்டியையும் அங்கயே தூக்கிட்டுப் போயிடு" என்றாள் என் மனைவி மோய்ரா. அவளும் பிறகு வந்தாள். இருக்கைகளுக்குத் தோல் தைத்தது அவள்தான்.

இரண்டாவது குளிர்காலத்தில் எஞ்சினை முதல்முதலாக முடுக்கினோம். சைலன்சர் இன்னும் மாட்டவில்லை. மிஸ் டக்வெல் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, இன்னொரு தரம் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள், கராஜ் தகரமெல்லாம் கடகடவென்று ஆடியது. எங்கள் நாய் சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்ததுதான், ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தது. இந்த அம்மாள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஓடுது நெவில்! ஓடுது!" என்று கத்துகிறார். அவர் குரல் அவ்வளவு உயரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

சேதி பரவியதும் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் தோற்றவர்கள். டயர் கடை கோலின் ஐந்து தரம் தோற்றவன். கையில் தேநீரோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"என்ன மிஸ் இது, கத்தரிப்பூ கலரு? தோட்டத்துல விளைஞ்சதா?"

"உங்களுக்குப் பிடிக்கலேன்னா கண்ண மூடிக்கிட்டுச் சுத்துங்க, கோலின். நீங்க ரிவர்ஸ் எடுக்கும்போது அப்படித்தானே எடுத்தீங்க."

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். கோலின் விடவில்லை. "கையால கட்டின காருக்கும் கவர்மென்ட்டுல டெஸ்ட் உண்டாமே? அதுல ஃபெயிலானா?"

"ஆக மாட்டேன்."

"ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க."

"ஃபெயிலானா அன்னிக்கே வித்துடுவேன்."

வாய்வார்த்தையாகச் சொன்னதாகத்தான் நினைத்தோம். ஆனால் லிங்கன் நகரத்து ஒயின் கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே காரைப் பார்த்துவிட்டு, விற்பதாக இருந்தால் தனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தேர்வுக்குக் காரைத் தயார் செய்வது தனிக் கூத்து. எங்கேயும் கூர்முனை இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே எல்லா விளிம்புக்கும் ரப்பர் பட்டை, எல்லா போல்ட்டுக்கும் பிளாஸ்டிக் குல்லாய். கைக்குழந்தை தவழ ஆரம்பித்த வீடுபோல ஆகிவிட்டது அந்த அழகான வண்டி. ஓட்டிப் பார்ப்பதற்குப் பக்கத்துப் பண்ணைக்காரரின் பழைய விமானத் தளம் இருந்தது. மிஸ் டக்வெல் அங்கே வாரக்கணக்கில் ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங்கைக் கைமாற்றிக் கைமாற்றித் திருப்பி, அதேபோல நேராக்கி, பாடப் புத்தகம் மாதிரி ஓட்டினார்.

தேர்வு நாளன்று காரை டிரெய்லரில் ஏற்றி என் வேனால் இழுத்துக்கொண்டு போனோம். சோதிக்கிறவர் இவரிடம் தோற்றவராகத்தான் இருப்பார், பழி தீர்ப்பார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கதையென்றால் அப்படித்தான் இருந்திருக்கும். வந்தவர் யார்க்ஷயர்க்காரர், சாந்தமான மனிதர், டக்வெல் என்ற பெயரையே கேள்விப்படாதவர். விளக்கு, பிரேக், சத்தம், விளிம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கடைசியாகக் காரை வட்டமாக ஓட்டி, வட்டத்தை விட்டு வெளியே வரும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். கார் வட்டத்திலேயே போய்க்கொண்டிருந்தது. இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தார். அப்போதும் அதேதான்.

"மேடம், ஸ்டியரிங் தானா நேராக மாட்டேங்குது," என்றார் இறங்கி வந்து.

"நான் ஓட்டும்போது நேராகுதே."

"நீங்க கையால நேராக்கியிருப்பீங்க. விட்டா அதுவா திரும்பி வரணும். விட்டுப் பாத்ததே இல்லியா?"

"இல்ல," என்றார் மிஸ் டக்வெல். "ஒரு நாளும் இல்ல."

எனக்கு அங்கேயே உறைத்தது. என்னை மூன்றாவது தடவை தோற்கடித்ததே இதற்காகத்தான். திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானாக உள்ளங்கையில் வழுக்கித் திரும்பட்டும் என்று விட்டேன். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். இந்த அம்மாளுக்கு மட்டும் அது மகாபாவம். பதினேழு வயதில் ஓட்டக் கற்றதிலிருந்து ஒருமுறைகூட ஸ்டியரிங்கை விட்டதில்லை. அதனால் இந்த ஒரு குறையைக் கண்டுபிடிக்க ஊரிலேயே லாயக்கில்லாத ஆளாக அவர் இருந்திருக்கிறார்.

மிஸ் டக்வெல் வீட்டுக்கு வந்து காரைத் துணியால் மூடினார், ஒயின் கடைக்காரருக்குப் போன் செய்தார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் விழுந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"நிஜமாவே விக்கிறீங்களா?"

"சொன்னேனே. தேறல, முடிஞ்சுது."

"முடிஞ்சுதா? நான் மூணு தரம் தோத்தேன், கோலின் அஞ்சு தரம் தோத்தான். எங்களுக்கெல்லாம் மானம் ரோஷம் இல்லேன்னு நெனச்சீங்களா? அழுதுகிட்டே வீட்டுக்குப் போய்த்தான் மறுபடி வந்தோம். வாங்க வாங்கன்னு சொன்னது யாரு?"

"நீங்கல்லாம் கத்துக்கிறவங்க, நெவில்."

"அப்ப நீங்க?"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரொம்பப் பேசிவிட்டோமோ என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. மோய்ராவும் நன்றாகத் திட்டினாள். உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"கோலின் கடை எத்தன மணி வரைக்கும் தெறந்திருக்கும்?"

உரித்த கிழங்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கோலின் காரைத் தூக்கும் மேடையில் ஏற்றி அடியில் பார்த்தான். அவன் முகத்தில் தீபாவளி என்று சொல்ல வேண்டும், அப்படி ஒரு சந்தோஷம்.

"சின்ன வயசுல கைய விட்டுட்டு சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா, மிஸ்?"

"இல்ல."

"அதான பாத்தேன். சைக்கிள்ல முன் ஃபோர்க் கொஞ்சம் சாஞ்சிருக்கும். அந்தச் சாய்வுதான் சக்கரத்த நேரா இழுத்துக் குடுக்குது. உங்க கார்ல சாய்வு பத்தல. அந்த நசுங்கின கார்ல முன்பக்கம் நல்ல கனம், இதுல கனமே இல்ல. அது போதாதுன்னு, பவர் ஸ்டியரிங் பம்ப கழட்டிட்டு அதோட ரப்பர் வளையத்த ஸ்டியரிங் பெட்டிக்குள்ளயே விட்டுட்டீங்க. அது வேற புடிக்குது. கார் செத்துப்போனதா நெனச்சு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க, ரெண்டு சாயங்கால வேல."

முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளின் போல்ட்டுகளை நகர்த்திச் சாய்வைக் கூட்டினோம். ஸ்டியரிங் பெட்டியைப் பிரித்துப் பழைய ரப்பர் வளையத்தை எடுத்தோம். ஒயின் கடைக்காரருக்கு மிஸ் டக்வெல்லே போன் செய்து வர வேண்டாம் என்றார். அந்த மனிதர் கத்தியது எனக்கு நல்ல சங்கீதமாக இருந்தது.

பிறகு விமானத் தளம். இந்தத் தடவை நான் இடப்பக்க இருக்கையில். மெதுவாக வட்டம் போட்டார்.

"இப்ப விடுங்க."

"விட்டுட்டேன்."

"எங்க விட்டீங்க? கட்டை விரல் ரெண்டும் மாட்டியிருக்கே!"

அடுத்த வட்டத்தில் கட்டை விரலை எடுத்தார், சுண்டு விரல் ஒட்டிக்கொண்டது. அதற்கடுத்த வட்டத்தில் முழங்காலால் பிடிக்கப் பார்த்தார். அவருடைய மூக்கு நுனியில் வியர்வை. வலப்பக்கம் இப்படி வியர்த்த எத்தனை பேரை அந்த அம்மாள் பார்த்திருப்பார்!

"என்னால முடியல நெவில். கை கேக்க மாட்டேங்குது."

"சுத்தி அர மைலுக்கு ஒரு மரம்கூட இல்ல. எதுல போய் முட்டப் போறீங்க? முட்டினாலும் நான்தான் மொதல்ல சாவேன். விடுங்க!"

விட்டார். இரண்டு கையும் சட்டென்று மேலே போயின. ஸ்டியரிங் ஒரு நொடி யோசித்தது போலிருந்தது. பிறகு சரசரவென்று தானாகச் சுழன்று நேராக நின்றது. கார் ஓடுபாதையில் கோடு கிழித்ததுபோலப் போனது. "அதுவா வந்துட்டுது! பாத்தீங்களா, அதுவா வந்துட்டுது!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஸ்டியரிங்கைப் பிடிக்க மறந்தே போய்விட்டார், கடைசியில் நான்தான் எட்டிப் பிடித்தேன்.

மறுதேர்வுக்குக் கிடைத்த நாள் அவர் ஓய்வு பெறும் நாளாக அமைந்தது. அலுவலகத்தில் கேக்கும் பேச்சும் ஏற்பாடு செய்திருந்தார்கள். முப்பது வருடத்தில் முதல்முறையாக லீவு போட்டுவிட்டு வந்தார். பதிவு செய்த தேர்வுக்கு நம்பர் இல்லாத வண்டியையும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பலாம். ஆகவே டிரெய்லர் வேண்டாம் என்றுவிட்டார். அதே யார்க்ஷயர்க்காரர்தான் வந்தார். வட்டம் போட்டார், கையை எடுத்தார், ஸ்டியரிங் திரும்பியது. மறுபக்கம் வட்டம் போட்டார், திரும்பியது. இறங்கி வந்து சிரித்தார். "தேறிட்டீங்க, மேடம்."

மிஸ் டக்வெல் அவர் கையைக் குலுக்கினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயது ஆம்பிளை, வெட்கமே இல்லை.

திரும்பும்போது கத்தரிப்பூ நிற பானட்டில் மேகமெல்லாம் ஓடியது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் விளக்கடித்தார்கள். ஊர் எல்லையில் ஒரு ரவுண்டானா. அதற்குள் நுழைய, கற்றுக்கொள்கிறவர்களுக்கான சிவப்பு எழுத்துப் பலகையோடு ஒரு கார் காத்திருந்தது. ஓட்டும் இடத்தில் ஒரு சின்னப் பெண், பக்கத்தில் மிஸ் டக்வெல்லிடம் பயந்து நடுங்கும் பயிற்சியாளர். நாங்கள் சுற்றி வந்தோம். எங்கள் தெருவுக்குப் போகும் வழி வந்தது, போனது.

"வீடு அங்க, மிஸ் டக்வெல்!"

"தெரியும்." மறுபடியும் சுற்றினார். ஒவ்வொரு வளைவு முடிவிலும் கையை விரித்துவிட்டார். தோல் சுற்றிய ஸ்டியரிங் அவர் உள்ளங்கைக்கு அடியில் சர்ரென்று ஓடி நேரானது. பயிற்சியாளர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார், அந்தப் பெண் இரண்டு கையையும் தட்டியது.

"டெஸ்ட் முடிஞ்சா நேரா வீட்டுக்குத்தான் போகணும்னு சட்டம் இருக்கே!" என்று நான் கத்தினேன்.

"வீட்டுக்குப் போற வழியிலதான இருக்கோம்," என்று அவர் திருப்பிக் கத்தினார். "எத்தன சுத்துன்னு சட்டத்துல இல்ல, நெவில்!"

மூன்றாவது சுற்றுக்குத் திருப்பினார்.