கேள்வி அக்காவும் கையால் ஏறிய மரையும்

கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கேள்வி அக்கா. பழைய கார்களுக்கு உதிரி பாகம் விற்கும் அந்தக் கடையின் கவுண்ட்டரில் பதினேழு வருடமாக நிற்கிறாள். ஒரு பல்பு கேட்டு வந்தால்கூட வண்டி எந்த வருடம், எஞ்சின் மாற்றியதா, சேஸ் நம்பர் என்ன, இதற்கு முன் யார் கையில் இருந்தது என்று, வாடகைக்கு வந்தவனை வீட்டுக்காரர் விசாரிப்பதுபோல விசாரிப்பாள். அவள் கணவர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க எங்கே இறங்கணும் என்று ஒரே கேள்வியைக் கேட்டுத் தான் பிழைப்பை ஓட்டுவதாகவும், தன் மனைவி ஓர் ஆளுக்கு ஒன்பது கேள்வி கேட்பதாகவும் சொல்லிச் சிரிப்பார்.

பில் அடிக்கத்தான் அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். அன்றைக்கு அவளுக்கு ஸ்பார்க் பிளக் எது, ஃபியூஸ் எது என்றே தெரியாது. மூன்றாம் வருடம், புத்தகத்தில் போட்டிருந்த நம்பரை நம்பி ஒருவருக்கு கிளட்ச் கேபிள் எடுத்துக் கொடுத்தாள். அது இரண்டு விரற்கடை குட்டை. இழுத்துப் பிடித்து மாட்டியவர் பாதி வழியில் கேபிள் அறுந்து, காய்ச்சலில் கிடந்த குழந்தையோடு நாலு மணி நேரம் வெயிலில் நின்றார். மறுநாள் வந்து அறுந்த கேபிளை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அதற்குப் பிறகுதான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விலைப் புத்தகங்களைப் புரட்டவும், பக்கத்துப் பட்டறையில் கழற்றிப் போட்டதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கவும் ஆரம்பித்தாள். கேள்விகளும் அப்போது பிறந்தவைதான்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் கடையில் கம்ப்யூட்டர் வந்து, வண்டிப் பெயரையும் வருடத்தையும் தட்டினால் நம்பர் வந்து நிற்பதைப் பார்த்தபின் அவருக்குப் பொறுமை குறைந்தது.

"உன் அறிவை நான் குறை சொல்லலைம்மா. ஆனா ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம்னா, பின்னால நிக்கிறவன் அடுத்த கடைக்குப் போயிடறான்" என்றார். அடுத்த மாதம் முதல் அவள் பின்கட்டில் ஸ்டாக் பார்த்தால் போதும் என்று முடித்துக்கொண்டார். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கண்டக்டர்கூட அன்று ஒரு நக்கலும் அடிக்கவில்லை.

அந்த மாதத்தின் கடைசி வாரம். காலை பத்து மணிக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். கடை வாசலில் அவருடைய கார், வயது நாற்பதுக்கு மேல், பளபளவென்று துடைத்து நின்றது. உள்ளே அவர் மனைவியும் மனைவியின் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். மலைமேல் இருக்கும் அக்காவின் வீட்டுக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறார். ஜன்னல் ரப்பர் கிழிந்து காற்று அடிக்கிறது, ஒரு ரப்பர் கொடுத்தால் கிளம்பிவிடுவேன் என்றார்.

கேள்வி அக்கா சேஸ் நம்பர் கேட்டாள். ஜன்னல் ரப்பருக்கு எதற்கு ஜாதகம் என்று அலுத்துக்கொண்டே போய் எழுதிக்கொண்டு வந்தார். அந்த நம்பரை அவள் இரண்டு தடவை படித்தாள். அந்தக் காரைச் செய்த கம்பெனி அங்குலக் கணக்கை விட்டு மில்லிமீட்டருக்கு மாறிய சமயத்தில் வெளியே வந்த வண்டி அது. சில மாதங்கள் பழைய அளவுச் சாமானும் புதிய அளவுச் சாமானும் கலந்து மாட்டி அனுப்பினார்கள்.

ரப்பரை அளந்து வெட்டிக்கொண்டே, இது இரண்டுங்கெட்டான் வண்டி, பிரேக் சாமான் எது வாங்கினாலும் கழற்றியதைக் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லி வைத்தாள்.

தபால்காரர் சிரித்தார். போன ஞாயிற்றுக்கிழமைதான் முன் சக்கரம் இரண்டுக்கும் பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய், மாற்றினாராம். வேறொரு கடையில் கம்ப்யூட்டரில் வருடத்தைத் தட்டிக் கொடுத்தார்களாம்.

"ஒரு சிரமமும் இல்லம்மா. ஸ்பானரே வேண்டாம்னு சொல்ற மாதிரி கையாலயே ஏறிடுச்சு."

கேள்வி அக்காவின் கத்தி ரப்பரில் பாதியில் நின்றது.

"பழைய ஹோஸை என்ன செஞ்சீங்க?"

எதையும் தூக்கிப் போடத் தெரியாத மனிதர். டிக்கியிலிருந்து பழைய ஹோஸையும், புதியது வந்த காலி அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்தார். கவுண்ட்டருக்குக் கீழே ஒரு கம்பியில் அவள் மாதிரி நட்டுகள் கோத்து வைத்திருந்தாள். பழைய ஹோஸின் முனை மில்லிமீட்டர் நட்டில் சுகமாக ஏறியது. பெட்டியில் இருந்த நம்பரோ அங்குல மரைக்கானது. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அங்குல முனை வண்டியின் மில்லிமீட்டர் ஓட்டைக்குள் ஆடிக்கொண்டே ஏறிவிடும். வாஷர் நசுங்கிக் கொஞ்ச நாள் ஒழுகாமலும் நிற்கும்.

"ஐயா, வண்டியை எடுக்காதீங்க."

ஒரு வாரமாக ஓட்டுகிறேனே, ஒன்றும் ஆகவில்லையே என்று தபால்காரர் தடுத்துப் பேசினார். நாற்பது வருடமாகத் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறவர் என்ற ரோசம் குரலில் இருந்தது.

"ஊருக்குள்ள மெதுவா மிதிச்சிருப்பீங்க. மலையில இறங்கறப்போ அழுத்தி மிதிக்கணும். அப்போ அந்த ஹோஸ் பிடிச்சு நிக்குமான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

அவர் சாவியை எடுத்துக் கவுண்ட்டரில் வைத்தார். பக்கத்துப் பட்டறையிலிருந்து மெக்கானிக் வந்து பெண்கள் இருவரையும் இறக்கினார். ஜாக் வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். ஸ்பானரை ஒரு கால் சுற்றுத்தான் திருப்பியிருப்பார். அதன்பின் ஹோஸ் அவர் விரல்களோடு வழுக்கிக்கொண்டு வந்தது. முனையில் இரண்டு மரை மட்டும் தேய்ந்து பளபளத்தது. அவ்வளவு நாள் பிடித்து நின்றது அந்த இரண்டுதான். இன்னொரு பக்கத்து ஹோஸும் அதே கதை.

தபால்காரர் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தக் கார் எனக்குச் சக்களத்தின்னு இத்தனை வருஷமா விளையாட்டுக்குத்தான் சொன்னேன். நெஜமாவே என்னை அனுப்பிவைக்கப் பார்த்திருக்கா."

முதலில் சிரித்தது அவள் அக்காதான். பிறகு மெக்கானிக். கடைசியில் தபால்காரரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சரியான ஹோஸ் கிடைக்க வேண்டுமே. கம்ப்யூட்டர் இருப்பில் இல்லை என்றது. கேள்வி அக்கா ஏணி போட்டு மேல் பரணில் ஏறினாள். அதே கம்பெனி அந்தக் காலத்தில் விட்ட ஒரு சின்ன வேனுக்கும் இதே ஹோஸ்தான் என்பது அவளுக்குத் தெரியும். வேன் சாமான் பெட்டியில் இருந்த இரண்டைக் கீழே கொண்டுவந்தாள். ரப்பர் வெடித்திருக்கிறதா என்று வளைத்துப் பார்த்தாள், பழையதோடு சேர்த்து நீளம் பார்த்தாள், நட்டில் ஏற்றிப் பார்த்தாள். எல்லாம் சரி. அதற்குப் பிறகுதான் மெக்கானிக் கையில் கொடுத்தாள்.

மாட்டி, பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை எடுத்து, பெடல் கல் மாதிரி நின்றபோது மணி ஒன்று. பட்டறைச் சந்தில் நாலு தடவை அழுத்தி மிதித்துப் பார்த்த பிறகே மெக்கானிக் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். கிளம்பும்போது தபால்காரர் கடையின் போன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார்.

அன்று மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. போன் அடித்தபோதெல்லாம் எழுந்து எழுந்து போனாள். ஐந்து மணிக்கு அழைத்தது தபால்காரரின் மனைவி. ஏறவும் செய்தோம், ஒரு பெரிய இறக்கம் இறங்கவும் செய்தோம், சொன்ன இடத்தில் வண்டி நின்றது என்றாள்.

"இவர் உங்ககிட்ட பேச வெக்கப்படறார். நல்லா இருங்கம்மா."

போனை வைத்துவிட்டுக் கேள்வி அக்கா பின்கட்டுக்குப் போய், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அந்த அறுந்த கேபிளைப் பார்த்த நாளிலிருந்து நெஞ்சில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்ததே, அது எழுந்து போன மாதிரி இருந்தது. பிறகு பசித்தது. டப்பாவைத் திறந்து ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

முதலாளி காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் அவள் வந்தபோது கவுண்ட்டருக்கு முன்னால் புதிதாக இரண்டு ஸ்டூல் போட்டிருந்தது. கம்ப்யூட்டரின் முகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"வர்றவங்க நின்னுக்கிட்டே பதில் சொன்னா கால் வலிக்கும். உக்காந்து சொல்லட்டும்" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.