சுத்தியலோடு மழைக்குக் காத்திருந்தவர்

பெருமாநல்லூரில் எங்கள் பனியன் கம்பெனி மொட்டைமாடியில் பெரோவ்ஸ்கைட் என்ற புது வகை சோலார் பலகைகளைச் சோதிக்க ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்திருந்தார். ஒல்லியான பெண்மணி, வெயிலில் கறுத்த முகம். தினமும் காலையில் ஒவ்வொரு பலகையையும் துப்பட்டா நுனியால், பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோலத் துடைப்பார். ஈரம் பட்டால் கெட்டுவிடுமாம்; உள்ளே கொஞ்சம் ஈயமும் உண்டாம், அது உடம்புக்கு விஷமாம்.

ஒரு மத்தியானம் மழை பிடித்தது. காயப்போட்ட துணியை எடுக்க நான் மாடிக்கு ஓடினேன். அவர் ஒயரைக் கழற்றிவிட்டு, கோடை முழுக்கத் தாங்கிய பலகையைச் சுத்தியலால் ஓங்கி உடைத்தார். உடைசல்மேல் விழுந்து வழிந்த மழைத்தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்.

"ஏனுங்க, நல்லாத்தானுங்களே இருந்துச்சு!" என்று பதறினேன்.

"நல்லா இருக்கறப்ப பயமில்லைங்க. உடைஞ்சா ஈயம் தண்ணியில கலக்குதான்னுதான் பாக்கணும்."

துணியை அலசிச் சாயம் போகிறதா என்று பார்ப்பது என் வேலை. அதனால் சட்டென்று புரிந்தது.

அடுத்த வாரம், அந்தப் பாட்டில் தண்ணீரைச் சோதித்த முடிவோடு சிரித்துக்கொண்டே படியேறி வந்தார். பலகைமேல் இதற்கென்றே ஒட்டியிருந்த மெல்லிய படலம் ஈயத்தைத் தண்ணீரில் கலக்கவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டதாம்.

"அப்ப முடிஞ்சுதுங்களா?" என்றேன்.

"ஒண்ணு பாஸாயிருக்குங்க" என்றவர், அடுத்த பலகையை அதே ஆசையோடு துடைக்க ஆரம்பித்தார். சுத்தியல் பக்கத்திலேயே இருந்தது.