அரக்கன் கோட்டையில் என் சனிக்கிழமைகள்

எங்கள் பெரியப்பா, தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்கு நாடகம் போடுகிறவர். "மேடை ஏறுறவன் கூட்டத்தப் பாத்துப் பயப்படக்கூடாது, கூட்டம்..." என்று ஏதோ சொல்வார். பின்பாதி மறந்துவிட்டது. 'கூட்டம் வீட்டுக்குப் போயிடும்' என்பதா, 'கூட்டம் உன்னைப் பாத்துப் பயப்படும்' என்பதா, தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இனி எனக்கு உதவாது.

கணினி விளையாட்டு செய்கிறவனின் பிழைப்பு இதுதான்: தனியாக உட்கார்ந்து வருடக்கணக்கில் செய்ததை நாலு பேர் முன்னால் வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். சமைத்துப் பரிமாறிவிட்டு முகங்களைப் பார்த்தபடி நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

இளவயதில் கோலாலம்பூரில் நண்பர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டைத் தமிழில் செய்து குறுவட்டில் போட்டோம். ஓர் அரக்கன் கோட்டை, அதில் அகப்பட்ட இளவரசி, சாபத்தால் முட்டைக்கோஸாகிவிட்ட அவள் அண்ணன். கொஞ்சம் கோணலான கதைதான். யாரும் வாங்கவில்லை. பிறகு சிங்கப்பூரில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதியே ஐம்பதை நெருங்கிவிட்டேன். இப்போது அந்த விளையாட்டைக் கைப்பேசிக்கு ஏற்றபடி புதுப்பிக்கலாமே என்று, மலைமேல் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே வந்திருக்கிறேன். சிங்கப்பூர் அலுவலகம் மாதக் கடைசிவரை என் நாற்காலியைக் காலியாக வைத்திருந்தது. திரும்பிப் போவதா, இருப்பதா? சனங்கள் பார்த்துச் சொல்லட்டும் என்று சனிக்கிழமை சாயங்காலங்களில் தோட்டத்து மண்டபத்தில் பழைய கணினியை வைத்து, சுவரில் படம் விழச் செய்து, வருகிறவர்களை விளையாடச் சொன்னேன்.

மணி

கோட்டையில் மணி அடித்தால் அரக்கன் வருகிறான் என்று அர்த்தம். இளவரசி பீப்பாய்க்குள் ஒளிய வேண்டும். முற்றத்தில் நின்றால் பிடித்துக்கொள்வான். சின்னப் பிள்ளைக்கும் புரியும் என்று நம்பித்தான் வைத்தோம்.

முதலில் விளையாடியவர் முனியம்மா அக்கா. கொழுந்து பறித்தே தலை நரைத்தவர். மணி அடித்தது. அக்கா இளவரசியை நேராக முற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அரக்கன் பிடித்தான். மறுபடி மணி, மறுபடி முற்றம். பின்னால் நின்ற பெண்கள் வேறு, "ஓடு ஓடு, லேட்டாயிடப் போவுது!" என்று முடுக்கிவிட்டார்கள். அடுத்து விளையாடிய பெரியவர்கள் எல்லாருமே அப்படித்தான் போய் நின்றார்கள். "ஒளியணும் அக்கா" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"மணி அடிச்சா பேரு கூப்புடுற பெரட்டுக்கு வந்து வரிசையில நிக்கணும் தம்பி. நின்னாத்தான் பேரு விழும், பேரு விழுந்தாத்தான் சம்பளம். ஒளிஞ்சிக்கிட்டா உங்கப்பனா வந்து குடுப்பான்?"

கோஸ்

முட்டைக்கோஸை ஒவ்வோர் இலையாக உரித்துக்கொண்டே போனால் உள்ளே இளவரசன் இருப்பான். பிள்ளைகளுக்கு இந்தக் கட்டம் பிடித்திருந்தது. ஆளுக்கு ஓர் இலை என்று முறைவைத்து உரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்த நேரம் அது.

அன்றைக்குப் பார்த்து, பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி பயிரிடும் சுப்பையா அண்ணன் வந்திருந்தார். சுவரருகே போய்ப் படத்தை உற்றுப் பார்த்தார். "டேய், கைய எடுங்கடா!" என்று ஓர் அதட்டல். பிள்ளைகள் மிரண்டுபோய் மவுஸை விட்டுவிட்டார்கள். "உள்ள இளவரசன் இருக்கான் அண்ணே" என்றேன்.

"இருந்துட்டுப் போறான்லா. இப்படி உரிச்சுப் போட்ட கோஸ எந்த லோரிக்காரன் ஏத்துவான்? பேசாம அவனோட சேத்து முழுசா வித்துரு."

குரல்

அரக்கனுக்குக் குரல் கொடுத்தது நான்தான். தமிழ்ப்பள்ளியில் கற்ற தமிழுக்கு மலாய் இடைநிலைப் பள்ளியில் வேலையே இருக்கவில்லை. அத்தனை வருடம் பூட்டி வைத்ததையெல்லாம் அரக்கன் வாயில் கொட்டியிருந்தேன். "எவரங்கே? என் அனுமதியின்றி உள்ளே நுழைந்தவர் எவர்?" என்று அவன் கர்ஜித்ததும் மண்டபம் கொல்லென்று சிரித்தது. என்னோடு ஆறாம் வகுப்புவரை படித்த ராஜு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"டேய், இவன் ஆளத் தின்னப் போறானா, இல்ல நியூஸ் வாசிக்கப் போறானாடா?"

வெள்ளை

பழைய கணினி அல்லவா, நடுநடுவே மக்கர் பண்ணும். சுவர் முழுக்க வெளுத்து, எதுவும் நகராது. வேறு ஊராக இருந்தால் பிள்ளைகள் கூச்சல் போட்டிருப்பார்கள். இவர்களோ சம்மணம் போட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கணினியை அணைத்துப் போடலாம் என்று எழுந்தேன். முன்வரிசையில் இருந்த கவிதா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க அங்கிள். பனி எறங்கியிருக்கு, தன்னால போயிடும். அரக்கனுக்கும் இப்ப ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது."

கதவு

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. நல்ல மழை. முனியம்மா அக்கா மறுபடியும் வந்தார். மணி அடித்தது. இந்த முறை இளவரசியைப் பீப்பாய்க்குள் தள்ளிவிட்டார். "பேரு விழாட்டிப் போவுது, எனக்குத்தான் இனிமே பெரட்டு இல்லியே" என்றார். அந்த வாரம்தான் அவருக்கு வேலை ஓய்வு. தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஈப்போவில் மகன் வீட்டு ஹாலில் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும்.

முதல்முறையாக ஒருவர் விளையாட்டை முடித்தார். கோட்டைக் கதவு திறந்தது. இளவரசி வெளியே வந்தாள். கதவு சாத்திக்கொண்டது. வானம், இரண்டு மரம், 'சுபம்'. பிள்ளைகள் கைதட்டினார்கள். அக்கா மட்டும் மவுஸை விடவில்லை. அம்புக்குறியை மரத்தடியிலும் வானத்திலும் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

"என்னக்கா தேடுறீங்க?"

"வெளிய வந்துட்டாளே, வூடு எங்கன்னு பாக்குறேன்."

"கதை அவ்வளவுதான் அக்கா. அவளுக்கு விடுதலை கிடைச்சிருச்சு."

அக்கா சிரித்தார். அதில் கோபம் இல்லை.

"கோட்டையில தலைக்கு மேல ஒரு தகரமாச்சும் இருந்திச்சு தம்பி. ஒருத்திய வெளிய அனுப்புறவன், கதவுக்கு அந்தப் பக்கம் என்னா இருக்குன்னு பாக்க வேணாமா?"

திங்கட்கிழமை காலை, வேலைக்குத் திரும்பவில்லை என்று சிங்கப்பூருக்கு எழுதி அனுப்பிவிட்டு, கதவுக்கு வெளியே ஒரு வீடு வரைய உட்கார்ந்தேன்.